காட்மன் பாக்கெட் பெட்டி: பன்னிரண்டில் எத்தனை தேறும்?

நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன். ஆபீஸ் முடிந்து வந்து வாரத்தில் ஓரிரு மாலை, அப்புறம் ஞாயிற்றுக்கிழமை காலை என்று வாட்டர்கலர் போட்டுப் பழகுகிற என்னைப் போன்ற ஆட்களுக்கு வின்சர் அண்ட் நியூட்டன் கம்பெனியின் காட்மன் ஸ்கெட்சர்ஸ் பாக்கெட் பாக்ஸ் சரிப்படுமா என்றால், சரிப்படும், தாராளமாக வாங்கலாம். ஆனால் கையில் இருக்கிற காசு முழுவதையும் இதில் கொட்டிவிட்டு, படம் போட ஸ்கூல் டிராயிங் நோட்டுதான் மிச்சம் என்கிற நிலைமை என்றால் வேண்டாம். வண்ணத்தை மலிவாக வாங்கிக்கொண்டு பேப்பரில் காசைப் போடுங்கள். ஏன் என்பதற்குப் பின்னால் வருகிறேன், முதலில் பெட்டி.

வெள்ளை பிளாஸ்டிக் பெட்டி, உள்ளங்கையில் அடங்குகிற அளவு. உள்ளே 12 ஹாஃப் பேன், அதாவது நம் ஸ்கூல் காலத்து வண்ண வில்லையின் சதுரமான தம்பி. கூடவே ஒரு குட்டி பிரஷ், மூடியின் உள்பக்கம் வண்ணம் கலக்கக் குழிகள். இடது கையில் பெட்டியையும் நோட்டையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் படித்துறையில் உட்கார்ந்து வரைய முடிகிறது என்பதுதான் எனக்கு இதில் பிடித்த முதல் விஷயம். பெரிய தட்டு, ட்யூப், டப்பா என்று கடை விரித்தால் வரைவதற்குள் சுற்றிலும் கூட்டம் கூடிவிடும். இதற்கு அவ்வளவாகக் கூடுவதில்லை. ஒரு பையனும் ஒரு ஆடும் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள்.

புதுப் பெட்டியில் கலவைக் குழியில் தண்ணீர் ஒட்டாமல் முத்து முத்தாக உருளும். பிளாஸ்டிக் எதிலும் இப்படித்தான். கொஞ்சம் பல்பசை தொட்டு விரலால் நன்றாகத் தேய்த்துக் கழுவினால் பளபளப்பு போய் வண்ணம் பரவி நிற்கும். இதை யாரும் சொல்வதில்லை, வாங்கிய அன்றைக்கே செய்துவிடுங்கள்.

இப்போது வண்ணங்கள். லெமன் யெல்லோ ஹியூ, காட்மியம் யெல்லோ ஹியூ, காட்மியம் ரெட் பேல் ஹியூ, அலிசரின் கிரிம்சன் ஹியூ, அல்ட்ராமரின், கோபால்ட் ப்ளூ ஹியூ, விரிடியன் ஹியூ, சாப் கிரீன், யெல்லோ ஓக்கர், பர்ன்ட் சியன்னா, பர்ன்ட் அம்பர், சைனீஸ் ஒயிட். கறுப்பு கிடையாது. கறுப்பு இல்லையே என்று கவலைப்படாதீர்கள், இல்லாததே நல்லது.

இந்தப் பட்டியலில் ஆறு இடத்தில் ஹியூ என்று ஒட்டிக்கொண்டிருக்கிறது பாருங்கள், அங்கே அசல் நிறமி இல்லை, அதே சாயலில் வேறு விலை குறைந்த நிறமி இருக்கிறது என்று பொருள். காட்மியம் விலை அதிகம், கோபால்ட்டும் அப்படியே. மாணவர் தரம் என்று விற்கிற எல்லா வண்ணத்திலும் இந்த ஏற்பாடு உண்டு, ஏமாற்று வேலை இல்லை, லேபிளிலேயே போட்டுவிடுகிறார்கள். சொல்லப்போனால் வீட்டில் சின்னப் பிள்ளை இருந்தால் காட்மியம் இல்லாததே நிம்மதி. அலிசரின் விஷயத்தில் மாற்று நிறமிதான் அசலைவிட மேல். அசல் அலிசரின், வெயில் படுகிற சுவரில் மாட்டினால் நாளடைவில் வெளுத்துப் போகக்கூடியது. விரிடியன் ஹியூ மட்டும் கொஞ்சம் வம்பு. அதில் இருப்பது தாலோ கிரீன், நிறமி எண் பிஜி 7. ஒரு துளி எடுத்தாலே பக்கத்தில் இருக்கிற எல்லா வண்ணத்தையும் தூக்கிச் சாப்பிட்டுவிடும், பேப்பரில் ஏறினால் இறங்காது, பெட்டியின் குழியிலும் பச்சைக் கறையாக உட்கார்ந்துகொள்ளும்.

நிறமி எண் என்று சொன்னேன் அல்லவா, அதைப் பார்த்து வாங்குகிற பழக்கம் வந்துவிட்டால் கடைக்காரர் சொல்கிற எதையும் நம்ப வேண்டியதில்லை. கம்பெனிக்குக் கம்பெனி பெயர் மாறும், எண் மாறாது. பிபி 29 என்றால் எங்கே வாங்கினாலும் அல்ட்ராமரின்தான். ஒரே வில்லையில் மூன்று நான்கு எண் போட்டிருந்தால் அது ஏற்கெனவே கலந்த வண்ணம், அதை இன்னும் இரண்டோடு கலந்தால் சேறு வருவதற்கு வாய்ப்பு அதிகம். எண்ணே போடாத பெட்டி என்றால் நான் கையில் எடுப்பதில்லை.

சரி, பன்னிரண்டில் தேறுவது எத்தனை? என் கணக்கில் எட்டு. அல்ட்ராமரின், பர்ன்ட் சியன்னா, யெல்லோ ஓக்கர், லெமன் யெல்லோ, காட்மியம் ரெட் பேல், அலிசரின், சாப் கிரீன், கொஞ்சம் தயங்கி பர்ன்ட் அம்பர். இந்த எட்டிலும் முதல் இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு வருஷம் பழகலாம் என்பேன். அல்ட்ராமரினையும் பர்ன்ட் சியன்னாவையும் கலந்தால் சாம்பல் வரும். நீலம் தூக்கலாக இருந்தால் மழை மேகம், சியன்னா தூக்கலாக இருந்தால் காய்ந்த பாறை, இரண்டையும் தண்ணீர் குறைத்துக் கெட்டியாக எடுத்தால் கறுப்புக்குப் பக்கத்தில் போய் நிற்கும். கறுப்பு வில்லை தருகிற செத்த கறுப்பு அல்ல, உள்ளே நீலமோ பழுப்போ லேசாக மினுங்குகிற கறுப்பு. மலைக்கோட்டையைச் சாயங்காலம் வரைந்து பாருங்கள். வெயில் படுகிற பக்கம் ஓக்கரும் சியன்னாவும் நிறையத் தண்ணீரில். நிழல் பக்கம் அல்ட்ராமரின் சேர்த்து, ஈரம் காயும் முன் அடியில் கொஞ்சம் சியன்னாவைத் தொட்டு விட்டால் அதுவாகவே மேலே ஊர்ந்து ஏறும், அல்ட்ராமரின் காயும்போது மணல் மணலாகப் பேப்பரின் பள்ளத்தில் படியும், பாறையின் சொரசொரப்பு நாம் ஒன்றும் செய்யாமலே வந்துவிடும். இதைப் பார்த்த பிறகு ஒருவர் வாட்டர்கலரை விட்டு ஓட மாட்டார்.

கோயில் மதில் காவிப் பட்டைக்கு சியன்னாவில் காட்மியம் ரெட் பேல் கொஞ்சம். வெள்ளைப் பட்டைக்கு வெறும் பேப்பர். நாற்றங்கால் பச்சைக்கு சாப் கிரீனில் லெமன் யெல்லோ. தென்னைக்கு அதே சாப் கிரீனில் சியன்னாவைச் சேர்க்க வேண்டும், ஏனென்றால் நம் ஊர்த் தென்னை சினிமா போஸ்டரில் இருக்கிற பச்சையில் இருப்பதில்லை, பாதி மட்டை காய்ந்து பழுப்பாகத் தொங்கும். விரிடியனை நேராக இலைக்கு வைத்தால் பிளாஸ்டிக் செடி மாதிரி இருக்கும். அதை அலிசரினோடு கலந்து ஒரு ஆழமான சாம்பல் எடுக்கலாம், அதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்கூலில் கிரேயான் பெட்டியில் வெளிறிய ரோஸ் கலரில் ஒன்றைத் 'தோல் கலர்' என்று சொல்லித் தந்தார்கள், யாருடைய தோல் என்று யாரும் கேட்கவில்லை. இந்தப் பெட்டியில் அப்படி ஒரு வண்ணம் இல்லை, சந்தோஷம். நம் ஆட்களை வரைய பர்ன்ட் சியன்னாதான் அஸ்திவாரம், வெளிச்சம் படுகிற நெற்றிக்கும் கன்னத்துக்கும் ஓக்கர் சேர்த்து நீர்க்க, கழுத்து நிழலுக்கு அலிசரினும் அல்ட்ராமரினும். நல்ல கறுத்த நிறம் என்றால் அம்பரில் ஆரம்பித்து, வெளிச்சம் விழுகிற இடத்தில் நீலச் சாயலை விட்டுவையுங்கள். எங்கள் தெரு முனையில் இளநீர் வெட்டுகிறவரின் தோள்பட்டையில் மத்தியான வெயிலில் அந்த நீலம் அப்படியே தெரியும், வானம் தோலில் விழுகிறது. அதைப் பழுப்பாகப் போட்டால் ஆள் களிமண் பொம்மை ஆகிவிடுவார்.

சைனீஸ் ஒயிட் இந்தப் பெட்டியில் வீண் இடம். இந்தக் கம்பெனி 1832இல் லண்டனில் ஆரம்பித்தது, 1834இல் துத்தநாக வெள்ளையை இந்தப் பெயரில் கொண்டுவந்தது, அவர்களுக்கு அது பெருமையான சரக்கு, அதனால் விடாமல் வைத்திருக்கிறார்களோ என்னவோ. வாட்டர்கலரில் வெள்ளை என்பது பேப்பர். வில்லை வெள்ளை நீர்த்துப் போய்த்தான் வரும், காய்ந்த கருப்பின் மேல் வைத்தால் மங்கிப் போகும், வேறு வண்ணத்தில் கலந்தால் பால் ஊற்றிய மாதிரி ஆக்கிவிடும். மின்கம்பி, மூக்குத்தி, மீசையில் நரை என்று கடைசியில் ஒரு புள்ளி, ஒரு கோடு வெள்ளை தேவைப்பட்டால் வெள்ளை போஸ்டர் கலர் ஒரு சின்ன பாட்டில் வாங்கிக்கொள்ளுங்கள், அல்லது வெள்ளை ஜெல் பேனா. கோபால்ட் ப்ளூ ஹியூவும் எனக்கு அல்ட்ராமரினிலிருந்து பெரிய வித்தியாசமாகப் படவில்லை, மதிய வானத்துக்கு வைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

போஸ்டர் கலர் என்றதும் நினைவு வருகிறது. ஸ்டேஷனரி கடையில் போய் "வாட்டர்கலர் கொடுங்க" என்றால் பாதி இடத்தில் போஸ்டர் கலர் பாட்டிலை எடுத்துத் தருகிறார்கள். இரண்டுமே தண்ணீரில்தான் கரையும், ஆனால் அது மூடி மறைக்கிற வண்ணம், இது அடியில் இருப்பதைக் காட்டுகிற வண்ணம், பழகுகிற முறையே வேறு.

பெட்டியோடு வருகிற பிரஷ் பயணத்தில் அவசரத்துக்கு ஆகும், அதற்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது. தனியாக ஒரு 8ஆம் நம்பர் ரவுண்ட் சிந்தெடிக் வாங்குங்கள், நனைத்து உதறினால் முனை ஊசியாகக் கூட வேண்டும், அது ஒன்றே சோதனை. அந்த ஒரு பிரஷில் வானமும் போடலாம், வானத்தில் காக்காயும் போடலாம். கடையில் யாராவது குரலைத் தாழ்த்தி "கீரி முடி பிரஷ் இருக்கு, சார்" என்றால் வேண்டாம் என்று வந்துவிடுங்கள். 1972ஆம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் கீரிக்குப் பாதுகாப்பு உண்டு, அதன் முடியில் செய்த பிரஷை விற்பதும் வாங்குவதும் குற்றம். 2019இல் நாடு முழுக்கச் சோதனை போட்டுப் பிடித்தார்கள். பிரஷுக்காகக் கீரிகளை அடித்துக் கொல்கிறார்கள் என்பது தெரிந்த பிறகு அந்த முனை எவ்வளவு நயமாக இருந்து என்ன.

நம் ஊர் வெயில் இந்த வண்ணத்துக்கு ஒரு பெரிய விஷயம். திருச்சியில் சித்திரை, வைகாசியில் மொட்டை மாடியில் வானத்துக்கு வாஷ், அதாவது நீர்த்த வண்ணத்தை ஒரே சீராகப் பரப்புவது, போட்டால் இடது ஓரத்திலிருந்து வலது ஓரத்துக்கு வருவதற்குள் இடது காய்ந்துவிடும், நடுவில் கோடு விழுந்துவிடும். யூடியூபில் லண்டன்காரர் ஆற அமரப் பேசிக்கொண்டே ஈரத்தின் மேல் ஈரம் விடுகிறாரே, அது அவர் ஊர்க் குளிருக்கு. நாம் பேப்பரை முன்னாலும் பின்னாலும் நனைத்துவிட்டு, சின்ன அளவில் வரைய வேண்டும், அல்லது காலை ஆறரை மணிக்கு உட்கார வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் நேர் எதிர், போட்ட வாஷ் காயவே காயாது, பொறுமையில்லாமல் மேலே அடுத்தது வைத்தால் காலிபிளவர் மாதிரி பூத்துவிடும். அந்த மாதங்களில் பெட்டியை ஈரத்தோடு மூடி வைக்காதீர்கள், வில்லையில் பூஞ்சை வந்துவிடும். வரைந்து முடித்ததும் ராத்திரி முழுக்க மூடியைத் திறந்து ஃபேனுக்குக் கீழே வைத்தால் போதும். அப்படியும் வெள்ளையாகப் படர்ந்தால் மேல்பரப்பை ஈரத் துணியால் துடைத்து எடுத்துவிட்டு நன்றாகக் காயவைத்துப் பயன்படுத்தலாம்.

இப்போது பேப்பர். மேலே சொன்ன மலைக்கோட்டை வித்தை, சியன்னா ஊர்ந்து ஏறுவது, அல்ட்ராமரின் மணலாகப் படிவது எல்லாம் டிராயிங் நோட்டில் நடக்காது. தண்ணீர் பட்டதும் அந்தத் தாள் அப்பளம் போட்ட மாதிரி எழும்பும், பள்ளத்தில் வண்ணம் தேங்கும், மேட்டில் வெளுக்கும், இரண்டாவது முறை பிரஷ் பட்டால் திரி திரியாக உரியும். வரைகிறவருக்குத் தன் கைதான் சரியில்லை என்று தோன்றிவிடும். எத்தனையோ பேர் வாட்டர்கலரை நிறுத்துவது இந்த இடத்தில்தான். இதே பெட்டியை வைத்து நல்ல பேப்பரில் ஒரு வாஷ் போட்டால் ஆளே மாறிவிடுகிறார்.

குறைந்தபட்சம் 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை கிராமில், கூடக் கூடத் தாள் கனம்), கோல்ட் பிரஸ் (லேசான சொரசொரப்பு உள்ள தாள்). இதில் பருத்தி எவ்வளவு என்பதுதான் விலையைத் தீர்மானிக்கிறது. மரக்கூழ் பேப்பரில் வண்ணம் மேலேயே நிற்கும், சீக்கிரம் காயும், தப்பாகப் போனால் ஈர பிரஷால் எடுத்துவிடலாம். ஆனால் மேலே இரண்டாவது அடுக்கு வைக்கும்போது முதல் அடுக்கும் சேர்ந்து கரைந்து வரும். முழுப் பருத்தி பேப்பர் தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளும், நமக்கு நேரம் தரும், முதல் அடுக்கு காய்ந்து உள்ளே இறங்கிவிட்டால் மேலே நான்கு அடுக்கு வைத்தாலும் அசையாது. நம் ஊர் வெயிலுக்கு அந்த 'நேரம் தருவது' என்பது தங்கம். ஆர்ஷ் முழுப் பருத்தி, தண்ணீரைச் சட்டென்று உறிஞ்சாமல் இருக்க ஜெலட்டின் பசை ஏற்றியது, கொலம்பஸ் கப்பலேறிய 1492இல் தொடங்கிய பிரெஞ்சு ஆலை என்பார்கள். விலையும் அந்தப் பெருமைக்குத் தகுந்த மாதிரிதான் இருக்கும், ஒரு ஷீட்டை எடுத்தால் அதில் புள்ளி வைக்கவே கை நடுங்கும். பழகுவதற்கு அந்த நடுக்கம் ஆகாது.

என் ஏற்பாடு இது. தினப்படிப் பழக்கத்துக்கு ப்ரஸ்ட்ரோவின் 25 சதவீதப் பருத்தி 300 ஜிஎஸ்எம். ஏ4 தாளை நான்காக வெட்டிக்கொண்டால் போஸ்ட் கார்டு அளவில் நான்கு கிடைக்கும், நான்கும் கெட்டுப் போனாலும் மனசு வலிக்காது. பின்பக்கத்தையும் விடுவதில்லை, அதில் வண்ணக் கலவை, மரம், காக்காய், பக்கத்து வீட்டுத் தண்ணீர் டேங்க் என்று எதையாவது கிறுக்குவேன். முழுப் பருத்தியை மாதக் கடைசியில் சம்பளம் வந்த பிறகு வெளியே எடுப்பது. பாண்டிச்சேரி போகிறவர்கள் அரவிந்தர் ஆசிரமத்தின் கைவினைத் தாளையும் வாங்கிப் பார்க்கலாம். பருத்தித் துணிக் கழிவிலிருந்து செய்வது, ஓரம் வெட்டாமல் பிசிறாக இருப்பதே அழகு. ஆனால் கைவினைத் தாள் எதுவானாலும், எங்கே வாங்கினாலும், கடையிலேயே வாட்டர்கலருக்கு ஏற்றதா என்று கேட்டுவிடுங்கள், ஏனென்றால் வாழ்த்து அட்டைக்கும் கவருக்கும் செய்கிற தாளில் பசை குறைவாக இருக்கும், வண்ணம் வைத்த இடத்திலேயே பிளாட்டிங் பேப்பர் மாதிரி உறிஞ்சிவிடும். ஓரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். சொட்டு கொஞ்ச நேரமாவது உருண்டு நின்றால் நல்லது, விழுந்ததும் கறையாகப் பரவினால் அதில் பென்சில் படம் போடலாம்.

நல்ல பேப்பரே கூடக் கெடும், இது பலருக்குத் தெரியாது. மழைக்காலத்து ஈரத்தில் சும்மா அலமாரியில் கிடந்தால் மேலிருக்கும் பசை இடத்துக்கு இடம் போய்விடும், வாஷ் போடும்போது அம்மைத் தழும்பு மாதிரி புள்ளி புள்ளியாகக் கருக்கும். ஜிப் வைத்த பிளாஸ்டிக் கவரில், ஷூ டப்பாவில் வருகிற சிலிக்கா பொட்டலத்தைப் போட்டு மூடி வையுங்கள்.

பென்சிலுக்குச் செலவு வேண்டாம், அப்சரா, நடராஜ் எதுவானாலும் எச்பி அல்லது 2பி, அழுத்தாமல். அழிரப்பரைப் போட்டு அரக்கித் தேய்த்த இடத்தில் பேப்பரின் மேல்தோல் போய்விடும், வண்ணம் அங்கே மட்டும் கருத்துத் தெரியும். பேனாக் கோடு பிடிக்கும் என்றால் சாதாரண பால்பாயின்ட் போதும், அந்த மை எண்ணெய்க் கட்டு, தண்ணீரில் பெரும்பாலும் கலையாது. ஜெல் பேனாவை மட்டும் ஓரத்தில் கிறுக்கித் தண்ணீர் தடவிப் பார்க்காமல் எடுக்காதீர்கள்.

இனி விலை. கடைக்குக் கடை, வாரத்துக்கு வாரம் மாறுகிறது, அதனால் எண் சொல்லவில்லை, வாங்கும் முன் இரண்டு இடத்தில் பார்த்துவிடுங்கள். ஒரு ஆன்லைன் விற்பனையாளரிடமிருந்து எனக்கு வந்த பெட்டியில் மூடியின் கீல் உடைந்திருந்தது, இரண்டு வில்லை தூளாகி வந்தது, வெறும் பிளாஸ்டிக் கவரில் போட்டு அனுப்பியிருந்தார்கள். பிரிக்கும்போதே வீடியோ எடுத்திருந்ததால் மாற்றிக் கிடைத்தது. தூளான வில்லை என்றால் அழாதீர்கள், தூளை அதே குழியில் போட்டுச் சில சொட்டுத் தண்ணீர் விட்டுக் குழைத்துக் காயவைத்தால் பழையபடி வில்லைதான்.

பட்ஜெட் இடிக்கிறது என்றால் கேமல் வாட்டர்கலர் ட்யூபில் ஆர்ட்டிஸ்ட் வரிசையிலிருந்து அல்ட்ராமரின், பர்ன்ட் சியன்னா, ஒரு மஞ்சள், ஒரு கிரிம்சன் என்று நான்கை மட்டும் தனித்தனியாக எடுங்கள். 1931இல் மை விற்று ஆரம்பித்த கம்பெனி, நம் தலைமுறை முழுக்க அந்த ஒட்டகம் போட்ட டப்பாவில்தான் கை நனைத்தது. காலிப் பேன் தனியாகக் கிடைக்கிறது, அதில் ட்யூபைப் பிதுக்கி ஓரிரு நாள் காயவிட்டால் உங்கள் சொந்தப் பெட்டி தயார். அதிலே மிச்சமாகிற காசுக்கு, மேலே சொன்னேனே, பேப்பர். காட்மனா இதுவா என்று கேட்டால், கச்சிதத்திலும், காய்ந்த வில்லை தண்ணீர் பட்டதும் சட்டென்று இளகுவதிலும் காட்மன் ஒரு படி மேல். படத்தைப் பார்த்து எது எதில் போட்டது என்று என்னால் சொல்ல முடியாது.

பேன்கள் தனியாகவும் விற்கின்றன என்பது இந்தப் பெட்டியின் இன்னொரு வசதி, தீர்ந்ததை மட்டும் மாற்றிக்கொள்ளலாம், எனக்கு ஓக்கரும் அல்ட்ராமரினும்தான் முதலில் பள்ளமாயின. சைனீஸ் ஒயிட்டை நெம்பி எடுத்துவிட்டு அந்த இடத்தில் பெர்மனன்ட் ரோஸ் வைத்திருக்கிறேன், பிவி 19. அலிசரினை எவ்வளவு நீர்த்தாலும் காகிதப் பூவின் ரோஸ் வராது, கொஞ்சம் அழுக்காகவே நிற்கும். இதில் வருகிறது. ராஜகோபுரத்தில் 236 அடி உயரத்துக்கு அடுக்கடுக்காக ரோஸும் பச்சையும் நீலமும் பூசி வைத்திருக்கிறார்களே, அந்த ரோஸுக்கும் இதுதான். அடுத்து கோபால்ட் ப்ளூவைத் தூக்கிவிட்டு என்ன வைக்கலாம் என்று யோசனை. தாலோ ப்ளூ, பிபி 15, வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள், காவிரியில் தண்ணீர் திறந்துவிட்ட அன்றைக்கு இருக்கிற நிறத்துக்கு அது ஒத்துவருமா, இல்லை அல்ட்ராமரினில் ஓக்கரைக் கலந்தே சமாளித்துவிடலாமா?